கல்லறையைத் தோண்டியவர்களும் கேமராவோடு போனவர்களும்

கேட்கப்பட்ட கேள்வி இது: "சுற்றுச்சூழலின் பெயராலும் விலங்குரிமையின் பெயராலும் நடக்கும் தீவிரவாதம் மெய்யாகவே பாதுகாப்பு அச்சுறுத்தலா? இல்லை, போராடுகிறவர்களை ஒடுக்குவதற்காக அரசுகள் காட்டும் பூச்சாண்டியா?"

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க என்னால் முடியாது. ஏன் என்று சொல்ல ஒரு கல்லறையிலிருந்து தொடங்குகிறேன்.

இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷையர் மாவட்டத்தில் யாக்ஸல் என்று ஒரு சிற்றூர். 2004 அக்டோபரில் அந்த ஊர்த் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்துக்குள் இரவோடு இரவாகப் புகுந்த சிலர், ஒரு மூதாட்டியின் குழியைத் தோண்டி உடலை எடுத்துக்கொண்டு போனார்கள். அந்த அம்மாள் 1997-இல், தம் 82-ஆவது வயதில் இறந்து அடக்கம் செய்யப்பட்டவர். அவர் யாருக்கும் எந்தத் தீங்கும் செய்ததில்லை. அவருடைய மருமகனின் குடும்பம் டார்லி ஓக்ஸ் என்ற பண்ணையில் ஆய்வகங்களுக்காகக் கினிப்பன்றிகளை வளர்த்து விற்றது. அதற்கான தண்டனையைப் பிணத்துக்குக் கொடுத்தார்கள்.

அதற்கு முன்பே, 1999 முதல், அந்தப் பண்ணையைச் சுற்றி ஒரு முற்றுகை நடந்துகொண்டிருந்தது. நள்ளிரவில் தொலைபேசி அழைப்புகள். வெடிகுண்டு போலத் தோற்றம் தரும் பொட்டலங்கள். வீட்டருகே வெடிக்கும் வாணங்கள். குடும்பத்தில் ஒருவர் குழந்தைகளிடம் தவறாக நடப்பவர் என்று அக்கம்பக்கத்தாருக்கு மொட்டைக் கடிதங்கள். பண்ணையில் வேலை செய்தவர்கள் மட்டுமல்ல, அதற்கு எரிபொருள் கொண்டுவந்து கொடுத்தவரும், குடும்பத்தார் போய்வந்த மதுக்கடையும், அவர்கள் விளையாடிய கோல்ஃப் மைதானமும்கூடக் குறியாயின. 2005 ஆகஸ்டில் குடும்பம் தோற்றுப்போனது. கினிப்பன்றி வளர்ப்பை நிறுத்துகிறோம், இனியாவது எங்கள் அம்மாவின் உடலைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்டது. அப்போதும் உடல் வரவில்லை. அடுத்த ஆண்டு மே மாதத்தில், குற்றத்தை ஒப்புக்கொண்டவர்களில் ஒருவர் இடத்தைச் சொன்ன பிறகுதான், பக்கத்துக் காட்டில் அது கிடைத்தது. மூவருக்கு 12 ஆண்டுகளும் ஒரு பெண்ணுக்கு 4 ஆண்டுகளும் சிறைத்தண்டனை கிடைத்தது.

இந்த வழக்கில் ஒரு உயிரும் போகவில்லை. பயங்கரவாதத்தைப் பிண எண்ணிக்கையால் மட்டும் அளப்பவர் இதைச் சிறிய வழக்கு என்பார். ஆனால் சட்டம் அனுமதித்த ஒரு தொழிலை, நாடாளுமன்றத்தில் ஒரு வாக்குகூடப் பெறாத சிலர், ஒரு குடும்பத்தின் நெஞ்சில் கைவைத்து மூடவைத்தார்கள். இந்த வகைத் தீவிரவாதத்தின் அபாயம் இங்கேதான் இருக்கிறது. கூட்டத்தைக் கொல்வது அதன் வழியல்ல. ஒரு மனிதரைத் தனிமைப்படுத்தி, அவர் வீட்டு வாசலில் வந்து நிற்பதே அதன் வழி.

இதன் வேர் 1970-களில் இருக்கிறது. இங்கிலாந்தில் நரி வேட்டையைத் தடுத்துக்கொண்டிருந்த இளைஞர்களில் சிலர், 1973-இல் மில்டன் கீன்ஸ் நகரில் கட்டப்பட்டுவந்த ஓர் ஆய்வகத்துக்குத் தீ வைத்தார்கள். அந்தக் குழுவில் இருந்து, இன்னொரு தாக்குதலுக்காகச் சிறை சென்று வந்த ரோனி லீ 1976-இல் 'விலங்கு விடுதலை முன்னணி'யைத் தொடங்கினார். அதற்கு அலுவலகமோ உறுப்பினர் அட்டையோ தலைவரோ கிடையாது. மரக்கறி உண்பவராக இருந்து, விலங்குகளை மீட்கும் அல்லது அவற்றை வதைப்பவர்களுக்குப் பொருள் இழப்பு உண்டாக்கும் ஒரு செயலைச் செய்த எவரும் அதன் பெயரில் உரிமை கோரலாம். மனிதருக்கும் விலங்குக்கும் காயம் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் அதன் விதிகள் சொல்லின.

இந்த அமைப்பின் வலிமையும் கேடும் ஒரே இடத்தில்தான். தலைவர் இல்லாததால் போலீஸ் யாரைப் பிடித்தாலும் இயக்கம் நிற்பதில்லை. அதே காரணத்தால், விதியை மீறுகிறவனைத் தட்டிக்கேட்கவும் ஆள் இல்லை. காயம் கூடாது என்று எழுதிவைத்த இயக்கத்தின் விளிம்பில் காருக்கு அடியில் குண்டு வைக்கிறவனும் முளைக்கிறான். அவன் எங்களைச் சேர்ந்தவன் அல்ல என்று மறுத்துச் சொல்லக்கூட அங்கே யாரும் இல்லை. லீயே பிற்காலத்தில் பசுமைக் கட்சியின் பக்கம் வந்து, சட்டத்துக்கு உட்பட்ட பிரசாரத்தில் இறங்கினார்.

இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது ஹன்டிங்டன் லைஃப் சயின்சஸ் வழக்கு. கேம்பிரிட்ஜ்ஷையரில் இருந்த இந்த நிறுவனம் மருந்துகளையும் ரசாயனங்களையும் விலங்குகள் மீது சோதித்துத் தந்தது. 1997-இல் சேனல் 4 தொலைக்காட்சி, உள்ளே ரகசியமாக எடுத்த படத்தை ஒளிபரப்பியது. ஊழியர்கள் பீகிள் நாய்க்குட்டிகளை முஷ்டியால் குத்துவதை நாடே பார்த்தது. இரண்டு பேர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். நிறுவனத்தின் பங்கு விலை சரிந்தது. கோபத்துக்குக் காரணம் இருந்தது என்பதை யாரும் மறைக்க வேண்டியதில்லை. அந்தக் காட்சியைப் பார்த்தும் ஒருவருக்கு ரத்தம் கொதிக்கவில்லை என்றால் அவரை நான் நம்பமாட்டேன்.

1999-இல் 'ஷாக்' என்ற அமைப்பு பிறந்தது. ஹன்டிங்டனின் விலங்கு வதையை நிறுத்து என்று பொருள்படும் ஆங்கில வாசகத்தின் சுருக்கம் அது. அதன் உத்தி புதியது. ஆய்வகத்தின் மதிலை முட்டிப் பயனில்லை என்று அது கண்டுகொண்டது. ஆனால் எந்த நிறுவனமும் தனியாக நிற்பதில்லை. அதற்குக் கடன் கொடுக்க வங்கி வேண்டும், காப்பீடு வேண்டும், கணக்குத் தணிக்கை செய்ய ஆள் வேண்டும், பங்கை வாங்கி விற்கத் தரகர் வேண்டும். அவர்களுக்கு ஹன்டிங்டன் நூற்றில் ஒரு வாடிக்கையாளர். அந்த ஒருவருக்காக எந்த வங்கி அதிகாரியும் தன் வீட்டுச் சுவரில் கொலை மிரட்டலைப் படித்துக்கொண்டிருக்க மாட்டார். இந்தக் கணக்கு அச்சாகப் பலித்தது. ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து விலகியது. வேறு வங்கிகளும் ஒதுங்கவே, 2001-இல் பேங்க் ஆஃப் இங்கிலாந்தே அந்த நிறுவனத்துக்குக் கணக்குத் தொடங்கிக் கொடுத்தது. நாட்டின் மத்திய வங்கி ஒரு தனியார் ஆய்வகத்துக்குக் கணக்குத் திறக்கிறது என்றால், நிலைமை எவ்வளவு முற்றியிருந்தது என்று பாருங்கள். காப்பீட்டு நிறுவனம் விலகியபோது அரசே அந்தப் பொறுப்பையும் ஏற்றது. 2003-இல் தணிக்கை நிறுவனமான டெலாய்ட் கைகழுவியது. 2005 செப்டம்பரில் ஹன்டிங்டனின் தாய் நிறுவனம் நியூயார்க் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட இருந்த நாளில், கடைசி நேரத்தில் சந்தையே அதைத் தள்ளிவைத்தது.

மறுபக்கம் நடந்தது இது. 2001 பிப்ரவரியில், நிர்வாக இயக்குநர் பிரையன் காஸ் வேலை முடிந்து தம் வீட்டு வாசலில் காரை விட்டு இறங்கினார். முகமூடி அணிந்த மூவர் கட்டைகளால் அவர் தலையில் அடித்தார்கள். நிறுவனத்தின் இன்னொரு இயக்குநர் முகத்தில், அவருடைய சின்னஞ்சிறு மகளின் கண்முன்னே, கண்ணை எரியவைக்கும் திரவத்தைப் பீய்ச்சினார்கள். ஹன்டிங்டனோடு தொழில் செய்த நிறுவனங்களின் ஊழியர்கள் வீட்டுக்குப் போலி வெடிகுண்டுகளும், எய்ட்ஸ் கிருமி கலந்தது என்ற குறிப்போடு அசுத்தமான பொருள்களும் தபாலில் வந்தன. இவர்களில் பெரும்பாலோர் ஒரு நாயையும் தொட்டவர்கள் அல்லர்.

பிரிட்டிஷ் அரசு இதை எப்படி முறியடித்தது என்பது பாதுகாப்பு பற்றிப் பேசும் எல்லாருக்கும் பாடம். 2005-இல் ஒரு குறிப்பிட்ட சட்டம் கொண்டுவந்தார்கள். விலங்கு ஆய்வு நடத்தும் நிறுவனத்துக்குத் தீங்கு செய்யும் நோக்கத்தோடு, அதோடு ஒப்பந்தம் வைத்திருப்பவர்களை அச்சுறுத்துவது குற்றம் என்று அது வரையறுத்தது. பிறகு 2007 மே மாதத்தில் ஒரே நாளில் பல இடங்களில் சோதனை நடத்தி, இயக்கத்தின் முக்கியமானவர்களைக் கைது செய்தார்கள். வழக்கு பயங்கரவாதச் சட்டத்தின் கீழ் போடப்படவில்லை. மிரட்டிப் பறிக்கச் சதி செய்தார்கள் என்ற, ஊர்ப் போலீஸ்காரருக்கும் புரிகிற பழைய குற்றத்தின் கீழ்தான் போடப்பட்டது. 2009 ஜனவரியில் வின்செஸ்டர் நீதிமன்றம் ஏழு பேருக்கு 4 முதல் 11 ஆண்டுகள் வரை தண்டனை கொடுத்தது. இயக்கத்தின் முதுகெலும்பு முறிந்தது. 2014-இல் ஷாக் தன்னைத்தானே கலைத்துக்கொண்டது. விலங்குச் சோதனை கூடாது என்று சொல்லும் உரிமை யாரிடமிருந்தும் பறிக்கப்படவில்லை. சொன்ன கருத்துக்காக இல்லாமல் செய்த செயலுக்காக மட்டும் தண்டித்தார்கள். அதனால்தான் அது நின்றது.

அமெரிக்காவில் நெருப்பு கொஞ்சம் பெரிது. பூமி விடுதலை முன்னணி 1992-இல் இங்கிலாந்தில் தோன்றி, கடல் கடந்து போனது. 1998 அக்டோபரில் கொலராடோவின் வேல் மலையில் இருந்த பனிச்சறுக்கு விடுதிக் கட்டடங்களை எரித்தார்கள். சேதம் 1.2 கோடி டாலர். லின்க்ஸ் என்ற காட்டுப்பூனையின் வாழிடத்துக்குள் விடுதியை விரிவாக்கக் கூடாது என்பது அவர்கள் வாதம். விரிவாக்கம் நின்றதா? இல்லை. எரிந்தது மறுபடி கட்டப்பட்டது, புதிய சரிவுகளும் திறக்கப்பட்டன. அதுவரை கூட்டங்களிலும் நீதிமன்றத்திலும் நியாயமாக எதிர்த்துவந்த உள்ளூர்க்காரர்களின் மேலும் சந்தேகத்தின் நிழல் விழுந்ததுதான் மிச்சம்.

2001 மே 21 விடியற்காலை சியாட்டிலில் நடந்தது இதைவிடக் கசப்பானது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் நகர்ப்புறத் தோட்டக்கலை மையத்தில், பேராசிரியர் டோபி பிராட்ஷாவின் அலுவலகத்தில் தீ மூட்டினார்கள். அவர் மரபணு மாற்றிய பாப்லர் மரங்களை உருவாக்குகிறார் என்பது குற்றச்சாட்டு. உண்மையில் அவர் பாரம்பரிய முறையில் கலப்பினம் செய்த மரங்களைத்தான் ஆய்ந்துகொண்டிருந்தார். தீ அவருடைய அறையோடு நிற்கவில்லை. மற்றவர்களின் பல ஆண்டு உழைப்பும், தோட்டக்கலை நூல்களும், இயற்கையில் அழிந்துகொண்டிருந்த அரிய செடிகளைக் காப்பாற்றுவதற்காக வளர்த்துவந்த கன்றுகளும் அந்தக் கட்டடத்தில்தான் இருந்தன. பூமியின் பெயரால் வந்தவர்கள் அதன் அரிய கன்றுகளைக் கருக்கிவிட்டுப் போனார்கள். மையத்தை மறுபடி கட்ட ஏறத்தாழ 70 லட்சம் டாலர் ஆனது.

இந்தக் குழுவைப் பிடித்தது பெரிய தொழில்நுட்பம் எதுவும் இல்லை. உள்ளே இருந்த ஒருவர் மனம் மாறி, உடலில் ஒலிப்பதிவுக் கருவியோடு பழைய தோழர்களைத் தேடிப்போய்ப் பேச்சுக் கொடுத்தார். 2005 டிசம்பரில் கைதுகள் தொடங்கின. ஒருவர் சிறையிலேயே தற்கொலை செய்துகொண்டார். மற்றவர்கள் பலர் ஒருவரையொருவர் காட்டிக்கொடுத்தார்கள். வெளிநாடு தப்பிய ஒருவர் 2018-இல் கியூபாவில் பிடிபட்டார்.

இங்கே அரசின் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 2005 மே மாதத்தில், அமெரிக்காவின் மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் உயர் அதிகாரி ஒருவர் அமெரிக்க செனட் குழுவின் முன், உள்நாட்டுப் பயங்கரவாதத்தில் முதல் இடம் சுற்றுச்சூழல், விலங்குரிமைத் தீவிரவாதத்துக்கே என்று சாட்சியம் அளித்தார். அந்த இயக்கங்கள் கோடிக்கணக்கான டாலர் சேதம் செய்திருந்தன என்பது சரி. 1996-க்குப் பின் 600-க்கும் மேற்பட்ட குற்றங்கள், 4.3 கோடி டாலர் இழப்பு என்று 2002-இலேயே எஃப்.பி.ஐ. கணக்குச் சொல்லியிருந்தது. ஆனால் அமெரிக்காவில் அவை ஓர் உயிரைக்கூட எடுக்கவில்லை. இந்தச் சாட்சியத்துக்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்னால்தான் ஓக்லஹோமா நகரில் தீவிர வலதுசாரி ஒருவன் வைத்த குண்டில் 168 பேர் இறந்திருந்தார்கள். எரிந்த கட்டடத்தை இறந்த மனிதர்களுக்கு மேலே வைத்த அந்த வரிசை தவறு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நீதித்துறையின் தலைமை ஆய்வாளரே 2003-இல், இத்தகைய வழக்குகளை எஃப்.பி.ஐ.யின் பயங்கரவாதத் தடுப்புப் பிரிவிலிருந்து குற்றப் பிரிவுக்கு மாற்றலாம் என்று பரிந்துரைத்திருந்தார்.

தவறான முத்திரை என்ன செய்யும் என்பதற்கு ஜூடி பேரியின் கதை போதும். கலிஃபோர்னியாவில், ரெட்வுட் என்ற வானுயர்ந்த மரங்களின் காடுகளுக்காகப் போராடியவர் அவர். மரம் அறுக்கும் தொழிலாளர்களும் நம் மக்கள்தான் என்று சொல்லி அவர்களோடு சேர்ந்து அமைப்பு கட்டியவர். அதற்கு முன் காடு காக்கும் போராளிகளில் சிலர் மரங்களில் ஆணி அடித்துவைக்கும் வழக்கம் வைத்திருந்தார்கள். 1987-இல் ஒரு மரவாடியில், ஆணி ஏறியிருந்த கட்டை ரம்பத்தில் சிக்கி, ஒரு இளம் தொழிலாளியின் முகம் கிழிந்தது. ஆணி அடிப்பதை இனிச் செய்யமாட்டோம் என்று 1990-இல் வெளிப்படையாக அறிவிக்கவைத்தவர் பேரி. அதே ஆண்டு மே 24 அன்று ஓக்லாந்தில், அவர் ஓட்டிய காரின் இருக்கைக்கு அடியில் குண்டு வெடித்தது. இடுப்பெலும்பு நொறுங்கி மருத்துவமனையில் கிடந்தவரை, குண்டை வைத்துக்கொண்டு போனவர் நீதான் என்று கைது செய்தார்கள். வழக்கு நிற்கவில்லை. குண்டு வைத்தவன் இன்றுவரை பிடிபடவில்லை. 2002-இல் நடுவர் குழு, எஃப்.பி.ஐ., ஓக்லாந்து போலீஸ் அதிகாரிகள் அவருடைய உரிமைகளையும் காரில் உடனிருந்த தோழரின் உரிமைகளையும் மீறினார்கள் என்று தீர்ப்பளித்து, இரு தரப்புக்கும் சேர்த்து 44 லட்சம் டாலர் இழப்பீடு வழங்கச் சொன்னது. அப்போது பேரி உயிரோடு இல்லை. 1997-லேயே புற்றுநோயில் இறந்துபோயிருந்தார்.

பிரிட்டனிலும் இதே நோய்தான். அங்கே போலீஸ் உளவாளிகள் போலிப் பெயரோடு பல ஆண்டுகள் போராட்டக் குழுக்களுக்குள் வாழ்ந்தார்கள். பாப் லாம்பர்ட் என்ற அதிகாரி விலங்குரிமைப் போராளியாக நடித்து, ஒரு பெண்ணோடு வாழ்ந்து, குழந்தை பெற்று, ஒருநாள் மறைந்துபோனார். தன் மகனின் தகப்பன் ஒரு போலீஸ்காரர் என்பது அந்தப் பெண்ணுக்கு இருபது ஆண்டுகளுக்குமேல் கழிந்து செய்தித்தாள் மூலம் தெரியவந்தது. 2014-இல் லண்டன் போலீஸ் அவருக்கு 4,25,000 பவுண்டு கொடுத்தது. மார்க் கென்னடி என்ற இன்னொரு உளவாளியின் கதை வெளிவந்தபோது, நாட்டிங்ஹம் அருகே ஓர் அனல்மின் நிலையத்தை முடக்கத் திட்டமிட்டதாகத் தண்டிக்கப்பட்ட 20 பேரின் தண்டனை 2011-இல் ரத்தானது. அந்த உளவாளி சேகரித்த சாட்சியத்தை அரசுத் தரப்பு மறைத்துவிட்டது என்பதே காரணம்.

நமக்கும் இது தெரியாத கதை அல்ல. கூடங்குளத்தில் அணு உலையை எதிர்த்த ஆயிரக்கணக்கான கிராமத்து மக்கள் மீது தேசத்துரோக வழக்குகள் பாய்ந்தன. 2014-இல் கசிந்த உளவுத்துறை அறிக்கை ஒன்று, சுற்றுச்சூழல் அமைப்புகளால் நாட்டின் வளர்ச்சி ஆண்டுக்கு 2 முதல் 3 சதவீதம் குறைவதாகச் சொன்னது. யாக்ஸலில் கல்லறை தோண்டியவனுக்கும் இடிந்தகரைக் கடற்கரையில் உண்ணாவிரதம் இருந்த மீனவப் பெண்ணுக்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்தும் அரசு, கடைசியில் முன்னவனைப் பிடிக்கும் திறனையும் இழந்துவிடும். எல்லாரையும் வேவு பார்ப்பவனுக்கு யாரையும் சரியாகத் தெரியாது.

இப்போதைய நிலை என்ன? பழைய வடிவம் தேய்ந்துவிட்டது, ஆனால் மூன்று புதிய கிளைகள் இருக்கின்றன. முதலாவது, மின்கட்டமைப்பின் மீதான தாக்குதல். 2024 மார்ச் 5 அன்று பெர்லினுக்கு அருகே ஒரு மின்கோபுரத்துக்குத் தீ வைத்தார்கள். டெஸ்லா தொழிற்சாலை பல நாள் நின்றது. சுற்றியிருந்த ஊர்களும் மின்சாரம் இழந்தன. வல்கன் குழு என்ற இடதுசாரித் தீவிரக் குழு பொறுப்பேற்றது. இரண்டாவது, மனித நாகரிகத்தையே வெறுக்கும் சிறு கும்பல்கள். 2011-இல் மெக்சிகோவில் நானோ தொழில்நுட்பத்தை எதிர்ப்பதாகச் சொல்லி, மான்டெர்ரே தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர் இருவரைப் பொட்டல வெடிகுண்டால் காயப்படுத்தியது அப்படி ஒன்று. இவர்களுக்குக் காடும் முக்கியமில்லை, விலங்கும் முக்கியமில்லை. மூன்றாவதுதான் எனக்கு உறக்கம் கெடுக்கிறது. 2019-இல் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேரைச் சுட்டுக்கொன்றவன் தன்னைச் சூழலியல் பாசிசவாதி என்று அழைத்துக்கொண்டான். சில மாதங்கள் கழித்து, அமெரிக்காவின் எல் பாசோவில் 23 பேர் சாகக் காரணமானவனும் மக்கள்தொகை, இயற்கை வளம் என்று எழுதிவைத்திருந்தான். பூமியில் இடம் போதவில்லை, ஆகவே வந்தேறிகளைக் கொல் என்பதுதான் அவர்கள் சொல்லும் சூழலியல். இரு நிகழ்ச்சிகளில் 74 உயிர்கள். விலங்கு விடுதலை முன்னணி அரை நூற்றாண்டில் செய்யாததை இந்த இருவர் ஒரே ஆண்டில் செய்தார்கள். ஆய்வகத்தின் வாசலில் பதாகை பிடிப்பவனைக் கண்காணித்துக்கொண்டிருந்த கண்கள் இந்தப் பக்கம் போதுமான அளவு திரும்பவில்லை.

மறுபுறம், காட்டையும் நிலத்தையும் ஆற்றையும் காக்கப் போனவர்கள் 196 பேர் 2023-இல் மட்டும் உலகெங்கும் கொல்லப்பட்டதாக குளோபல் விட்னஸ் அமைப்பு பதிவு செய்திருக்கிறது. சுற்றுச்சூழலைச் சுற்றி நடக்கும் வன்முறையைப் பற்றிப் பேசுகிறவர் இந்த எண்ணைச் சொல்லாமல் விட்டால் அவர் பாதியைத்தான் சொல்கிறார்.

வன்முறை பலன் தருமா என்றும் சிலர் கேட்பார்கள். நேர்மையாகச் சொன்னால், சிறிய இடங்களில் தந்தது. டார்லி ஓக்ஸில் கினிப்பன்றி வளர்ப்பு நின்றது. ஆய்வகங்களுக்குப் பூனை வளர்த்த ஹில்குரோவ் பண்ணை 1999-இல் மூடியது. குரங்குகளை வைத்து நரம்பியல் ஆய்வு செய்ய கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் போட்டிருந்த திட்டம், பாதுகாப்புச் செலவும் சேர்ந்து ஏறிப்போனதால் 2004-இல் கைவிடப்பட்டது. இதை மறைத்தால் அச்சுறுத்தலின் தன்மையே புரியாது. பலன் கிடைப்பதால்தான் அது தொடர்ந்தது. ஆனால் விலங்குகளுக்கு என்ன ஆனது? பிரிட்டனில் ஆய்வுகளில் விலங்குகள் மீது நடத்தப்பட்ட சோதனைகள் 2005-இல் ஏறத்தாழ 29 லட்சம். 2013-இல் 41 லட்சத்தைத் தாண்டின. மரபணு மாற்றிய எலிகளைப் பெருக்கியது அதில் பெரும் பங்கு. ஒரு குடும்பத்தைக் கதறவைத்துக் கிடைத்த வெற்றி அந்த எண்ணை அசைக்கவே இல்லை.

அந்த ஹன்டிங்டன் நிறுவனத்தின் பிற்காலக் கதையோடு முடிக்கிறேன். 2015-இல் அது ஆய்வக விலங்கு வளர்க்கும் வேறொரு நிறுவனத்தோடு சேர்ந்து என்விகோ என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஆய்வகப் பிரிவு 2019-இல் கைமாறியது. விலங்கு வளர்க்கும் பிரிவு அதே பெயரில் தொடர்ந்தது. அமெரிக்காவின் விர்ஜினியா மாநிலத்தில், கம்பர்லாண்ட் என்ற இடத்தில் அதற்கு ஒரு பீகிள் பண்ணை இருந்தது. விலங்குரிமை அமைப்பு ஒன்றின் ஆள் அங்கே வேலைக்குச் சேர்ந்து, மாதக்கணக்கில் ரகசியமாகப் படம் பிடித்தார். வேளாண் துறை ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் போய், குறைகளை ஒவ்வொன்றாக எழுதினார்கள். நீதித்துறை வழக்குத் தொடுத்தது. 2022 கோடையில் நீதிமன்ற அனுமதியோடு 4,000 நாய்கள் வெளியே வந்தன. 2024-இல் நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 3.5 கோடி டாலருக்கு மேல் கட்ட உடன்பட்டது. யாருடைய வீட்டுச் சுவரிலும் எவரும் எழுதவில்லை, யாருடைய மகளும் பயந்து அழவில்லை. கம்பிக் கூண்டுக்குள்ளேயே பிறந்து வளர்ந்த அந்த நாய்களில் பல, புதிய வீடுகளின் முற்றத்தில் முதல்முறையாகப் புல்லில் கால்வைக்கத் தயங்கி நின்றன.